வேலிக்கு அப்பால் நின்றவர்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துக் கிளார்க் சபாபதிக்கும் எனக்கும் ஒரு வருஷமாகப் பேச்சில்லை. அவருடைய கோழிகள் என் கீரைப்பாத்தியைக் கிளறியதில் வந்த சண்டை. கொல்லையில் நான் மணல் மூட்டையைக் குத்திப் பழகும்போது அவர் வேலியோரம் நின்று பார்ப்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

மலாயாவுக்காகக் குத்துச்சண்டையில் நான் முதலில் மோதியது, சிலோனிலிருந்து வந்த ஒரு சிங்கள வீரருடன். முதல் சுற்றில் முகத்தில் நிறைய வாங்கினேன். இரண்டாவது சுற்றில் கூட்டத்திலிருந்து சபாபதி கத்தினார்: "சிலோன் தம்பி! இடக்கையால குத்தேக்குள்ள அவன்ட வலக்கை கீழ இறங்குது. அந்தப் பக்கம் அடி!"

என் பலவீனத்தை இப்படிக் காட்டிக்கொடுக்கிறாரே என்று உடம்பெல்லாம் கொதித்தது. ஆனாலும் வலக்கையை உயர்த்திக் கன்னத்தோடு வைத்துக்கொண்டேன். பிறகு ஒரு குத்தும் முகத்தில் சரியாக விழவில்லை. ஜெயித்தேன்.

வெளியே அவரை மறித்தேன். "எனக்கு எதிராவா கத்துறீங்க?"

"அந்தப் பொடியனுக்குத் தமிழ் விளங்காது. உமக்கெண்டு சொல்லியிருந்தா நீர் கேட்டிருப்பீரோ?" என்றார்.

கேட்டிருக்க மாட்டேன்.

பிறகு சிங்கப்பூரிலும் சயாமிலும் மேடையேறினேன். எங்கேயும் வலக்கை இறங்கவில்லை. கீரையைக் கோழிகளுக்கே விட்டுவிட்டேன்.