அழைப்பு தேவைப்படாத வீடுகள்

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகச் சேர்ந்த சமயம், தக்கலையில் வக்கீல் போர்டு மாட்டினேன். போர்டைப் படித்தவர்கள் உண்டு, உள்ளே வந்தவர்கள் இல்லை. கல்யாணமாகி ஆறு மாதம். மனைவி குலசேகரத்தில் அவளுடைய அப்பா வீட்டிலேயே இருந்தாள். "நாலு பேருக்கு ஒங்களத் தெரியட்டும் மருமவனே, பொறவு கூட்டிட்டுப் போங்க" என்று மாமனார் சொல்லிவிட்டார். ஞாயிறுதோறும் பஸ் ஏறிப் போவேன். நான் திரும்பும்போது அவள் ரப்பர் மரங்களுக்கு நடுவே ரோடு வரை கூட வருவாள். அப்புறம் வாரம் முழுக்க அவள் ஞாபகத்தில் ஒரு வேலையும் ஓடாது. ஓடுவதற்கு வேலையும் இருக்காது.

முன்பின் தெரியாதவரைக் கண்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். "நாலு கல்யாணத்துல தலையக் காட்டும் ஓய்" என்றார் என் சீனியர். காட்டினேன். பந்தல் வாசலில் ஒருவர், "பெண்ணு வீடா, மாப்பிள வீடா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். நான் எந்த வீடும் இல்லை. சாப்பிடாமலே ஓடி வந்துவிட்டேன்.

வழி பிறந்தது ஒரு சாவில். நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரரின் மாமா தவறிப்போனார், வீட்டுக்காரரோடு நானும் போனேன். துக்கம் கேட்கப் போவதை எங்கள் பக்கம் துஷ்டி என்பார்கள். அதற்கு அழைப்பும் வேண்டாம், நீ யார் என்று கேட்பாரும் இல்லை. பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். பக்கத்தில் இருந்தவரிடம், "எத்தன நாளா சுகமில்ல?" என்றேன். அவ்வளவுதான். வியாதியில் தொடங்கியவர் மகள் கல்யாணத்துக்கு வந்து, கடைசியில் ஒரு வரப்புத் தகராறில் போய் நின்றார். நான் 'ம்' கொட்டிக்கொண்டிருந்தேன். மறுவாரம் பத்திரக் கட்டோடு என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

பிறகு ஒரு துஷ்டியையும் விடவில்லை. ஊரில் யாராவது இருமினால் நான் வேட்டி துவைக்கிறேன் என்று சீனியர் கேலி செய்தார். செய்யட்டும். துஷ்டிக்குப் போனால் பதினாறாம் நாள் சடங்குக்கு அழைப்பு வந்தது. அப்படியே கல்யாணங்களுக்கும் வந்தது. இரண்டு வருஷத்தில் பஸ்ஸில் எனக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். மாமனாரே மகளைக் கொண்டுவந்து விட்டார்.

ஆனால் வீட்டில் எந்நேரமும் ஆட்கள். கோர்ட்டு இல்லாத நாள் என்று ஞாயிறன்றுதான் கூட்டம் அதிகம். அப்படியொரு ஞாயிறு மத்தியானம், கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில் அவள் கேட்டாள்: "எனக்க வீட்டுல இருந்தப்போ, நீங்க ஞாயித்துக்கெழம வருவியன்னு நாளா எண்ணிட்டுக் கெடப்பேன். இஞ்ச எந்த நாள எண்ணணும்?"

அடுத்த வாரம் திற்பரப்பு அருவிக்குப் போவோம், நீயும் நானும் மட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். வாசலில் யாரோ செருப்பைக் கழற்றினார்கள். "வாங்க, வாங்க" என்று எழுந்துபோனேன். அவள் காப்பி போட அடுக்களைக்குள் போனாள். பிறகு அவள் அதைக் கேட்கவேயில்லை, நானும் சொல்லவில்லை.

அவள் போய்ச் சேர்ந்து வருஷங்களாகிவிட்டன. ஆட்கள் இன்னும் வருகிறார்கள், நானும் நன்றாகவே பேசுகிறேன். ஒரே ஒரு மத்தியானம் அவளோடு கதவைச் சாத்திக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க மாட்டோமா என்று கிடந்து தவிக்கிறேன்.