மூன்று முறை மங்கிய விளக்கு

1931ஆம் ஆண்டு நாட்குறிப்பில், புரட்டாசி மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் கீழ் இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: "மாலை. இஸ்திரிப் பெட்டி, மூன்று முறை. கடைசி வீட்டில் தெரிந்தது."

அப்போது நாங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் இருந்தோம். எங்கள் வரிசை முழுவதற்கும் ஒரே மின்கம்பி. ஸ்டேஷனில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த நான் அலுவலகச் சட்டைக்காக மின்சார இஸ்திரிப் பெட்டி வாங்கிய பிறகு, அதைப் போட்டால் எல்லா வீட்டு விளக்கும் மங்கும். பக்கத்து வீட்டு ரயில் கார்டு சுவருக்கு அந்தப்பக்கமிருந்து கத்துவார்: "கிராணியாரே, ஒங்க சட்ட மடிப்புக்காக நாங்க இருட்டுல சோறு திங்கணுமா?"

என் மனைவி அப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். முதல் பிரசவத்தின்போது நான் வேலையில் இருந்தேன். மருத்துவச்சியை அழைத்து வர ஆள் கிடைக்கவில்லை, குழந்தை தங்கவில்லை. இந்த முறை மருத்துவச்சி எங்கள் வரிசையின் கடைசி வீட்டிலேயே குடியிருந்தார். ஆனாலும் அந்தி மழையை நினைத்தால் பயமாக இருந்தது. தகரக் கூரையில் மழை இறங்கிவிட்டால் அடுத்த வீட்டுக்குக்கூடக் குரல் எட்டாது.

வெளிநாடுகளில் மின்நிலையங்களுக்கு இடையே ஓடும் கம்பியிலேயே பேச்சையும் ஏற்றி அனுப்புகிறார்கள் என்று ஓர் ஆங்கிலச் சஞ்சிகையில் படித்திருந்தேன். பேச்சு போகுமென்றால் ஓர் அழைப்பு போகாதா? இஸ்திரிப் பெட்டியை மூன்று முறை போட்டு அணைத்தால் மருத்துவச்சி வர வேண்டும். அதுதான் ஏற்பாடு.

அந்த ஞாயிற்றுக்கிழமை சோதித்துப் பார்க்க மனைவி போட்டு அணைத்தாள். நான் மருத்துவச்சி வீட்டில் நின்று விளக்கைப் பார்த்தேன். அழகாக மூன்று முறை மங்கியது. கார்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

"என்னா கிராணியாரே, இன்னைக்கு மூணு சட்டையா?"

"சட்ட இல்லண்ணே, புள்ள!" என்றார் மருத்துவச்சி. "மூணு தடவ மங்குனா நான் ஓடணும்."

வரிசையே சிரித்தது. "ஊருக்கே தண்டோரா போட்டுட்டீங்க," என்று மனைவி கோபித்துக்கொண்டாள். எனக்கும் வருத்தம்தான். ஒருவருக்கு அனுப்பிய சேதியை ஒரே கம்பி எல்லாருக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, மழை கொட்டிய அந்தியில் வலி கண்டது. நான் ஸ்டேஷனில் இருந்தேன். மனைவி தட்டுத்தடுமாறி எழுந்து மூன்று முறை போட்டு அணைத்திருக்கிறாள். மருத்துவச்சி வரவில்லை. மறுபடியும் மூன்று முறை.

கடைசி வீட்டில் மின்விளக்கே எரியவில்லை. வெள்ளிக்கிழமை சாமிக்கு விளக்கேற்றினால், அந்தத் திரி குளிரும்வரை மருத்துவச்சி மின்விளக்கைப் போடுவதில்லை. ஏற்பாடு செய்த எங்கள் மூவரில் ஒருவருக்கும் அது நினைவில்லை.

ஆனால் மற்ற வீடுகளில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கார்டு பாதிச் சோற்றில் எழுந்து ஓடினார். வரிசை முனையில் சாயாக் கடை வைத்திருந்த ராவுத்தரும் ஓடினார்.

"அக்கா! லைட்டு மங்கிருச்சு லா, பாக்கலையா?" என்று மருத்துவச்சியின் கதவைத் தட்டிக் கத்தியிருக்கிறார்கள்.

"வெள்ளிக்கெழம நான் எங்கண்ணே லைட்டு போட்டேன்! புள்ள நாள் பாத்தா வரும்?" என்று கேட்டுக்கொண்டே மருத்துவச்சி மழையில் இறங்கிவிட்டார்.

நான் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தபோது வாசல் நிறைய வரிசைப் பெண்கள். அடுப்பில் யார் யாருடைய பானையிலோ வெந்நீர். உள்ளே குழந்தையின் அழுகை, மழையை மீறிக் கேட்டது.

"பொண்ணு. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க," என்றார் மருத்துவச்சி. "இனிமே அந்தப் பொட்டியப் பத்தி யாரும் வாயத் தொறக்கக் கூடாது."

யாரும் திறக்கவில்லை. நான் சட்டை தேய்க்கும்போது கார்டு இருட்டிலேயே சாப்பிட்டார்.

மகள் கார்டையும் ராவுத்தரையும் மாமா என்றே கூப்பிடுகிறாள். கதவை முதலில் தட்டியது தானே என்று இருவரும் சொல்கிறார்கள். மருத்துவச்சியிடம் கேட்டேன், திறந்தபோது இரண்டு பேரும் நனைந்து நின்றார்கள் என்பது மட்டுமே அவருக்குத் தெரியும். முதலில் தட்டியது யார் என்பதை இதுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.