தளபதிக்குப் பத்து நிமிடம்

என் கணவர் பத்து வருடமாக ஒரு சீனத் தளபதியோடுதான் குடித்தனம் நடத்துகிறார். சீனத்தின் கடைசி அரச வம்சத்துக் காலத்து ஆள். ட்வெய்ட்டாவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாதி அவரைப் பற்றிய புத்தகங்களுக்கு. வெங்காயம் வெட்டும்போது காதில் விழுந்ததைத் தவிர நான் எதையும் கேட்டதில்லை.

போன வருடம் எங்கள் வாசகர் வட்டம் என் கணவரைப் பேசக் கூப்பிட்டது. ரொம்மனில் ஒரு மண்டபம், ஞாயிறு மத்தியானம். தளபதியின் வாழ்க்கையை ஒருமுறையாவது கடைசிவரை நாலு பேருக்குச் சொல்லிவிட வேண்டும், அதுதான் அவருடைய ஆசை. நாற்பது நிமிடம் கேட்டார். நிகழ்ச்சி பிந்தித் தொடங்கியதால் பத்து நிமிடம் கிடைத்தது. நேரம் பார்க்கும் பொறுப்பு எனக்கு. வீட்டுக்காரருக்குச் சலுகை காட்டினேன் என்று யாரும் சொல்லக் கூடாதென்று விறைப்பாக உட்கார்ந்திருந்தேன்.

மனிதர் எழுந்தார். தலைவரை விளித்தார், செயலாளரை விளித்தார், முன்வரிசைப் பெரியவர்களை ஒவ்வொருவராக விளித்தார், தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த தாய்மாரையும் விடவில்லை. ஒருவரை மறந்தாலும் ஆயுசுக்கும் கோபம் அல்லவா? வணக்கம் சொல்லி முடிய ஆறு நிமிடம். தளபதி இளந்தாரியாகி உப்புக் கடத்திக்கொண்டிருந்தபோது நான் முதல் துண்டுத் தாளை அனுப்பினேன்: "இன்னும் இரண்டு நிமிடம்." தளபதி அவசரமாகப் படையில் சேர்ந்தார். அடுத்த துண்டு: "முடிக்கவும்." அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, குன்றொன்றில் ஏறிக் கலகக்காரரோடு சண்டையைத் தொடங்கினார். மூன்றாவதில் அதையே எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன்.

"இவ்வாறு தளபதி பல வெற்றிகளைப் பெற்றார். நன்றி, வணக்கம்."

கைதட்டல் பலமாக இருந்தது. அடுத்தது பொரித்த ரோல்ஸும் தேநீரும்.

தளபதியைக் குன்றிலேயே விட்டுவிட்டு இறங்கியவர் ரோல்ஸைத் தொடவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்குப் போக மாறி ஏறிய ரயிலில் மெல்லக் கேட்டேன்.

"இஞ்சாருங்கோ, குன்றிலை ஏறின ஆள் பிறகு என்ன செய்தவர்?"

"உமக்கு நேரமிருக்கோ?"

"இருக்கு. சொல்லுங்கோ."

சொன்னார். முதலில் முணுமுணுப்பாக, பிறகு பெட்டியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி. தளபதி அரசரிடம் விருதாக மஞ்சள் மேலங்கி வாங்கினார். பதவியை விட்டு ஊருக்குப் போனவரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். தைவான் தீவைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து காத்து, அங்கே ரயில் பாதையும் போட்டார். நாங்கள் இறங்கவேண்டிய ட்வெய்ட்டாவில் கதவு திறந்து மூடியது. அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், வாய் திறக்கவில்லை.

எல்லிங்ஸ்ருட்டில் பாதை முடிந்தது. இறங்கி அங்கேயே ஒரு வாங்கில் உட்கார்ந்தோம். தளபதி நோயில் விழுந்து வருத்தக்காரராக ஊரில் படுத்திருந்தார். அவர் காத்த தீவை யாரோ கையெழுத்துப் போட்டு ஜப்பானுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

"அதைக் கேட்டு அடுத்த வருசமே மனுசன் செத்துப்போனார்," என்றார். "இந்த இடத்தைத்தான் அங்கை சொல்ல ஆசைப்பட்டனான்."

அந்த மண்டபத்தில் பாதிப்பேர் யாழ்ப்பாணத்துத் தீவுகளில் வீடுவாசலை விட்டு வந்தவர்கள். அவர்களுக்கு முன்னால்தான் நான் துண்டு எழுதிக்கொண்டிருந்தேன்.