அட்டைப்படத்து அம்மா

எங்கள் ஊரில் ஒரு முகம் சும்மா கிடந்தால் கால்வின் ஹார்ட்வெல் விடமாட்டார். என் கணவர் ராயின் வழுக்கைத் தலையை ஒரு படத்தில் நீதிபதிக்கு வைத்தார். என்னிடமிருந்து இரண்டு கைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, முகத்துக்குத் தபால்காரர் மகளைப் பிடித்தார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. பத்திரிகைக்கு அவர் வரைந்த அட்டைப்படம் நாடு முழுக்கப் போகும். ஒஹையோவில் யாரோ முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்துகொண்டு எங்கள் வெஸ்ட் ஹேவர்லிக்காரர்களின் மூக்கையும் காதையும் பார்த்து ரசிப்பார்கள்.

வரைவதற்கு முன் எங்களை ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டுப் புகைப்படம் எடுப்பார். நாங்களோ நடிக்கத் தெரியாத ஜனங்கள். சிரி என்றால் பல்லைக் காட்டுவோம், அழு என்றால் அதற்கும் பல்லைக் காட்டுவோம். அதனால் அவர் ஒரு வழி வைத்திருந்தார். பயந்த முகம் வேண்டுமா, முதுகுக்குப் பின்னால் தகரத் தட்டைப் போடுவார். அழுகை வேண்டுமென்று சின்னப் பையன் ராஸ்கோவிடம், உன் நாய் லாரியில் அடிபட்டுச் செத்துவிட்டது என்றார். அவன் கத்தி அழுதான், படம் எடுத்தார்கள், பிறகு சமையலறைக் கதவைத் திறந்தால் நாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. ராஸ்கோ தன் கல்யாணத்தில்கூட அதைச் சொல்லிச் சிரித்தான். உன்னை எப்படி ஏமாற்றினார், என்னை எப்படி ஏமாற்றினார் என்று பேசிக்கொள்வதே எங்கள் ஊருக்குப் பெருமை.

இவ்வளவும் தெரிந்திருந்தது எங்களுக்கு. தெரிந்து என்ன பிரயோசனம்?

வின்னி ஸ்டானர்ட் எனக்குப் பக்கத்து வீடு. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. சூப் ஊற்றும்போது, "மூஞ்சியைச் சுளிக்காம குடி, உங்க வீட்டுல இதுகூட இல்லைன்னு எனக்குத் தெரியும்" என்று பிள்ளைகளைப் போடுகிற போட்டில் வரிசை தானாக நகரும். சீட்டாட்டத்தில் கைதேர்ந்தவள், கூசாமல் ஏமாற்றுவாள். அவளுக்கு லைல் என்று ஒரு மகன், தெல்மா என்று ஒரு மகள். லைல் கொரியாவுக்குச் சண்டைக்குப் போனான். போன முதல் குளிர்காலத்திலேயே காணவில்லை என்று தந்தி வந்தது. செத்தான் என்றில்லை, காணவில்லை. அந்தச் சொல் ஒரு தாயை என்ன பாடு படுத்தும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வசந்தத்தில்தான் ஹார்ட்வெல் அவளைக் கூப்பிட்டார். போரிலிருந்து திரும்பிய பையனைப் பார்த்து வாசலில் நிற்கும் அம்மா, அதுதான் படம். பிள்ளையைத் தொலைத்தவளை இதற்குக் கூப்பிடுவார்களா என்று நான் ராயிடம் கத்தினேன். வின்னி போனாள். போனவள், மாவு படிந்த ஏப்ரனோடு தெருவில் ஓடி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஜப்பானில் ஓர் ஆஸ்பத்திரிப் பட்டியலில் லைல் பெயர் வந்திருக்கிறதாம். நியூயார்க்கில் பத்திரிகைக்காரர்களுக்குத் தெரிந்து, அவர்கள் ஹார்ட்வெல்லிடம் சொன்னார்களாம்.

ஒரு வாரம் போயிற்று, ஒரு மாதம் போயிற்று. ஒரு தகவலும் இல்லை. ராய் நேரே போய் ஹார்ட்வெல்லைக் கேட்டார். ஏதோ பேச்சு அடிபட்டது ராய், விசாரித்தால் வேறு யாரோ போலிருக்கிறது, பாவம், அவள் அதையே பிடித்துக்கொண்டுவிட்டாள் என்று தலையை ஆட்டினாராம் மனிதர். தேவாலயத்தில் முதல் வரிசையில் உட்காருகிறவர் சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்? வெளுத்ததெல்லாம் பால் எங்களுக்கு.

மூன்று வருஷம் கழித்து ராணுவம் லைல் இறந்ததாக அறிவித்து ஒரு பதக்கம் அனுப்பியது. வின்னி அதைத் தபால்காரர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். இறுதி ஜெபம் வைக்கலாம் என்று போதகர் வந்தபோது கதவைத் திறக்கவில்லை. நான் சொல்லிப் பார்த்தேன், சண்டை போட்டுப் பார்த்தேன். அவளுக்கு ஒரே பதில்தான்: "பேர் இருந்துச்சுன்னா ஆள் இருந்திருக்கணும்ல, எட்னா? ஆள் இல்லாம பேர் எங்கேருந்துடி வரும்?"

அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டை விட்டு ஓர் இரவு வெளியே தங்கியதில்லை. அவன் வரும்போது வீட்டில் விளக்கு எரிய வேண்டும், அவ்வளவுதான். கணவன் பாஸ்டனில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பகல் ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்பினாள். தெல்மா ஆல்பனியில் தலைப்பிரசவத்தில் செத்துப் பிழைத்தபோது போகவே இல்லை. தெல்மா அதை மன்னிக்கவில்லை. செத்த பிள்ளைக்காக உயிரோடிருக்கிற பிள்ளையை விட்டுவிட்டாள் என்று என்னிடம் போனில் அழுதாள். அண்ணனுக்கு ஒரு ஜெபம் சொல்லி அனுப்பி வைத்தால்தான் அம்மா தனக்குத் திரும்பக் கிடைப்பாள் என்பது அவள் எண்ணம். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வந்து அதைக் கேட்பாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கோபித்துக்கொண்டு போவாள். வின்னிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று ஊர் முடிவு கட்டியது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அவளை விட்டுப் போக மட்டும் மனம் வரவில்லை.

ஹார்ட்வெல் எப்போதோ போய்ச் சேர்ந்தார். போன அக்டோபரில், பழைய காகித ஆலையை அருங்காட்சியகமாக்கி அவருக்குக் கண்காட்சி வைத்தார்கள். ஒரு கூடம் முழுக்க அட்டைப்படங்கள். இன்னொரு கூடத்தில், பணக்காரர்கள் சொல்லி வரைந்த உருவப்படங்கள். பாங்க் முதலாளியின் இரட்டைத் தாடையை ஒற்றையாக்கியிருந்தார். படங்களில் இருக்கும் ஊர்க்காரர்களுக்கெல்லாம் அழைப்பு வந்தது, சட்டையில் குத்திக்கொள்ளப் பெயர்ச்சீட்டும் கொடுத்தார்கள். என் சீட்டில் 'கைகள்' என்று போட்டிருந்தது. வின்னியுடையதில் 'அம்மா'. தெல்மாவும் ஆல்பனியிலிருந்து வந்திருந்தாள். தாயும் மகளும் நடுவில் என்னை உட்கார வைத்துக்கொண்டு எதிரெதிர்ப் பக்கம் பார்த்தார்கள்.

ஆப்பிள் சாறும் டோனட்டும் கொடுத்தார்கள். பாஸ்டனிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் கூட்டம். எதிர்ச் சுவரில் வின்னியின் படம், பெரிதாக. மாவு ஒட்டிய கைகள் பாதியில் நின்றிருக்கின்றன, வாய் லேசாகத் திறந்திருக்கிறது, அந்தக் கண்களைப் பார்த்தால் நமக்கே யாரோ திரும்பி வந்த மாதிரி இருக்கும். அதன் முன்னால் நின்று ஒரு வெளியூர்க்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்புறம் மெர்ல் டக்கர் பேச எழுந்தார். ஹார்ட்வெல்லுக்குப் புகைப்படம் எடுத்துக்கொடுத்தவர் அவர்தான். வயதான காலத்தில் ஃப்ளோரிடாவிலிருந்து இதற்காகவே வரவழைத்திருந்தார்கள். தகரத் தட்டுக் கதையைச் சொன்னார், கூடம் சிரித்தது. நாய்க் கதை சொன்னார், ராஸ்கோவே எழுந்து கும்பிடு போட்டான். மனிதருக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு போயிற்று. சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

"இந்த அம்மா படம் இருக்கே, எத்தனையோ தடவை நிக்க வெச்சுப் பாத்தாச்சு. மூஞ்சில ஒண்ணும் வரல. கால்வின் என்னைப் பாத்து லேசா கண்ணைக் காட்டினார், தயாரா இருன்னு. அப்புறம் அந்தம்மாகிட்ட, 'அட, சொல்லவே மறந்துட்டேன், உன் பையன் கிடைச்சுட்டான், ஜப்பான் ஆஸ்பத்திரி லிஸ்ட்ல பேர் வந்திருக்கு'ன்னு விட்டார் பாருங்க ஒரு கதை! நான் பட்டுனு அமுக்கிட்டேன். அதான் இந்த முகம்."

வெளியூர்க்காரர்கள் சிரித்தார்கள். நாய் வாலாட்டி வந்ததுபோல இதற்கும் ஒரு முடிவு இருக்கும் என்று நினைத்தார்களோ என்னவோ. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. ராய் கேட்டாரே, முகத்தைப் பார்த்துக் கேட்டாரே, அப்போதாவது உண்மையைச் சொல்லக் கூடாதா பாவி மனுஷன்? காசு கொடுத்தவனுக்குத் தாடையில் பொய் செய்து கொடுத்தான், இவளுக்கு வயிற்றிலேயே செய்துவிட்டான். அந்த மனிதனின் சவப்பெட்டிக்கு நான் பூ வைத்திருக்கிறேன். அதைப் போய் எடுத்துக்கொண்டு வரலாம் போல இருந்தது.

வின்னி எழுந்தாள். நான் பிடிக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டாள்.

"மெர்ல், வின்னிதான் பேசறேன். அந்த லிஸ்ட் என்னாச்சு?"

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். இவள் உயிரோடிருப்பாள் என்றே அவர் நினைக்கவில்லை. பிறகு அவர் முகம் ஒரேயடியாக வெளுத்துவிட்டது.

"லிஸ்ட்னு ஒண்ணும் கிடையாதும்மா. அது... படத்துக்காகச் சொன்னது. அன்னைக்கே உங்ககிட்ட உண்மையைச் சொல்லிட்டேன்னு கால்வின் என்கிட்ட சொன்னாரே. சத்தியமா நான் அப்படித்தான் நெனச்சுட்டிருந்தேன்."

"யாரும் சொல்லல" என்றாள் வின்னி.

அருங்காட்சியகப் பெண் ஓடி வந்து, படத்தை இப்போதே கழற்றிவிடுகிறோம் என்று தடுமாறினாள். வின்னி அவளைப் பார்க்கவே இல்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன், கத்துவாள் என்று நினைத்தேன். சூப் வரிசையில் நிற்கிற பிள்ளையிடம் பேசுகிற அதே குரலில்தான் பேசினாள்.

"தெல்மா."

"அம்மா."

"அண்ணன் செத்துட்டான்டி."

இத்தனை வருஷமும் அதே வார்த்தையைத் தாயின் வாயிலிருந்து வரவழைக்கப் பாடுபட்டவள் தெல்மா. அது வந்ததும் தாங்கவில்லை அவளுக்கு. என் மடியைத் தாண்டி விழுந்து தாயின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "அப்படிச் சொல்லாதம்மா, சொல்லாத" என்று கதறினாள். வின்னி அவள் தலையைத் தடவிக்கொண்டே கூட்டத்தில் யாரையோ தேடினாள். எங்கள் போதகர் எல்வுட் டோனட் தட்டோடு தூண் ஓரமாக நின்றிருந்தார். வயது முப்பதுக்கு மேல் இராது, லைல் காணாமல் போனபோது பிறந்திருக்கக்கூட மாட்டார்.

"பாஸ்டர், என் பிள்ளைக்கு இன்னும் யாரும் ஜெபம் பண்ணல. நான்தான் விடல. இப்பப் பண்ணுங்க."

தேவாலயத்துக்குப் போய்விடலாமா என்று அவர் மெதுவாகக் கேட்டார். வேண்டாம், இதற்கு மேல் அவன் காத்திருக்க வேண்டாம் என்றாள். ஒருவர் எழுந்தார், இன்னொருவர் எழுந்தார், எல்லா நாற்காலியும் காலியாயிற்று. பாஸ்டன்காரர்கள்கூடக் கோப்பைகளைக் கீழே வைத்தார்கள். மெர்ல் டக்கர் மேடையிலேயே தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

போதகர் அருகில் வந்து, முழுப் பெயர் என்ன என்று கேட்டார். லைல் ஜார்ஜ் ஸ்டானர்ட் என்றாள். வயது கேட்டார். வின்னி விரலில் எதையோ கணக்குப் போடுகிறவள்போல நின்றாள்.

"அம்பத்தேழுன்னு சொல்லிட்டு இருந்தேன்" என்றாள். "காலைலகூட நெனச்சேன், அம்பத்தேழு ஆச்சே, முடியெல்லாம் நரைச்சிருக்குமேன்னு. இல்ல பாஸ்டர். பத்தொன்பதுன்னே சொல்லுங்க."

அவர் பத்தொன்பது என்றே சொல்லி ஜெபித்தார்.