வாயில்லாத புழு குடித்த கஞ்சி

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. இனக்கலவரத்தோடு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து, மாங்குளத்துக்கு உள்ளே காடு வெட்டிக் குடியேறினேன். படித்தவர்கள் பார்த்துவிட்டுத் திரும்பிப் போன காடு அது. ஒரு கிடாயும் ஒரு மறியாடும் கொண்டு தொடங்கி, அந்தப் பகுதியிலேயே பெரிய ஆட்டுப் பட்டி வைத்தவன் நான்தான். மேய்ச்சலுக்கென்று தனியாக முள்வேலி அடைத்தவனும் நான் ஒருவன்தான். இதை மறுக்க இன்றைக்கும் ஆளில்லை.

ஒரு மாரி மழை முடிந்த கையோடு குட்டிகள் இளைக்கத் தொடங்கின. வயிறு மட்டும் பானையாக உப்பியது. முதுகைத் தடவினால் எலும்பு கையில் குத்தியது. புழுக்கையோடு அரிசி மணி போல வெள்ளைத் துண்டுகள் விழுந்தன. பசிதான் என்று முடிவு கட்டி, குருணைக் கஞ்சி காய்ச்சி ஊற்றினேன். மனைவி சும்மா இருப்பாளா?

“நம்ம புள்ளைகளுக்கே அரை வயிறு. குட்டிக்கு நாளைக்குப் பாயாசமா?”

கஞ்சி கூடக்கூடக் குட்டிகள் மெலிந்தன. முதல் குட்டி செத்ததும் சாக்கில் போட்டு, சைக்கிளில் கட்டி மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். என்னைவிட இளையவர். அறுத்துக் காட்டினார். குடல் நிறையப் பாவாடை நாடா போல வெள்ளைப் புழு.

புழுவில் ஒரு துண்டை நசுக்கித் தண்ணீரில் கரைத்து வடித்தார். குட்டியின் ஈரலையும் அப்படியே செய்தார். காயத்துக்குப் போடும் அயோடினை இரண்டிலும் சொட்டினார். ஈரல் தண்ணீர் மஞ்சளாகவே நின்றது. புழுத் தண்ணீர் காய்ந்த இரத்தம் போலக் கபிலமாகக் கறுத்தது.

“இதுக்கு வாயுமில்லை, குடலுமில்லை அண்ணை. தோலாலயே உறிஞ்சி, மாப்பொருளாச் சேர்த்து வைக்குது. மாப்பொருள் இருந்தாத்தான் அயோடின் கறுக்கும், குட்டியின்ரை ஈரல்ல அது மிச்சமில்லை. நீங்கள் காய்ச்சின கஞ்சி இதின்ரை சதைக்குள்ளதான் கிடக்கு.”

மருந்து கேட்டேன். வவுனியாவிலிருந்து வருவது சண்டையில் பாதை பூட்டியதோடு நின்றுவிட்டதாம். குட்டிகளை வேறு நிலத்தில் மேய்க்கச் சொன்னார். புல்லில் உள்ள சிறு பூச்சி வழியாகத்தான் புழு திரும்பத் திரும்ப ஏறுகிறதாம். வேறு நிலம் எங்கே? வேலிக்கு வெளியே துப்பாக்கிச் சூட்டுச் சத்தம்.

குட்டிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. கிழட்டு ஆடுகள் மட்டும் அசைபோட்டுக்கொண்டு படுத்திருந்தன. குட்டி இல்லாத பட்டி எத்தனை நாளைக்குப் பட்டி?

கடைசியாக மிஞ்சியது ஒரு கறுப்புக் குட்டி. என்னைக் கண்டதும் கத்தியது. கஞ்சி ஊற்றினால் யார் குடிப்பது என்று எனக்குத் தெரியும். சட்டியை எடுத்தேன். மனைவி அன்றைக்குத் தானே குருணையை அளந்து போட்டாள். குட்டி என் காலோடு ஒட்டி நின்று, வாலை ஆட்டி ஆட்டிக் குடித்தது.