இன்னும் ஒரு திருகு

‘டொக்’ என்று ஒரு சத்தம். சாக்கெட் ஸ்பேனரைக் கவிழ்த்தேன். போல்ட்டின் தலை மட்டும் உள்ளங்கையில் விழுந்தது. உடம்பு மோட்டார் சைக்கிளிலேயே தங்கிவிட்டது.

ஞாயிறு காலை பத்து மணி இருக்கும். மார்சிலிங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கை ஒட்டிய கார் நிறுத்தத்தின் மூன்றாம் தளத்தில், அட்டையை விரித்து உட்கார்ந்திருந்தேன். முன் சக்கரத்தின் பிரேக் கட்டைகள் தேய்ந்துபோயிருந்தன. அவற்றை மாற்ற வேண்டுமானால், கட்டைகளைப் பிடித்திருக்கும் கேலிப்பரை, சக்கரத்தைத் தாங்கும் முன்காலிலிருந்து கழற்ற வேண்டும். கேலிப்பருக்கு இரண்டு போல்ட். மேலே இருந்தது மரியாதையாக வந்தது. கீழே இருந்தது இப்படிச் செய்தது.

“போன வருஷம் டயர் மாத்தினானே, அவன் வேலைதான் இது!” என்று யாருமில்லாத கார் நிறுத்தத்தில் கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் முதலில் ஆள் வேண்டும். காரணம் பிறகு வரும்.

வீட்டுக்குப் போய் மகளிடம் சொன்னேன். அவள் சாப்பாட்டு மேசையில் புது ஹெல்மெட்டின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வயது இருபத்து மூன்று. பிடோக்கில் ஒரு முதியோர் இல்லத்தில் தாதி வேலை கிடைத்து, மறுநாள்தான் முதல் நாள். ஷிஃப்ட் காலை ஆறரைக்கு. முதல் ரயிலைப் பிடித்தாலும் வடக்குக் கோடியிலிருந்து கிழக்குக் கோடிக்கு நேரத்தில் போய்ச் சேர முடியாது. மூன்று மாதத்துக்கு முன் லைசன்ஸ் எடுத்துவிட்டாள். வண்டியை அவளுக்கே தருகிறேன் என்று வாய் தவறிச் சொன்னவன் நான்.

“எவ்ளோ நேரம் ஆகும் பா?”

“நேரமா? இனி மெக்கானிக்தான் பார்க்கணும். ஞாயித்துக்கிழம எவன் திறந்திருப்பான்? நாளைக்கு டாக்ஸில போயிரு.”

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு, “நான் டெய்லி டாக்ஸில போக முடியாது லா. ட்ரை பண்ணுங்க” என்று மறுபடி கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போல்ட் உடைந்தபோது எனக்குள் ஏதோ லேசானது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மழை நாளில் விரைவுச்சாலையில் அப்போதிருந்த வண்டியோடு சறுக்கினேன். காறை எலும்பில் இன்றைக்கும் உலோகத் தகடு இருக்கிறது. அதே சாலையில், விடியாத இருட்டில், லாரிகளுக்கு நடுவே என் மகள். லைசன்ஸ் வாங்கிய நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கெட்டது நடந்தால் நல்லது என்று நினைக்கும் அளவுக்குப் பயம் ஆளைக் கீழே இறக்கிவிடும்.

ஆனால் ‘ட்ரை பண்ணுங்க’ என்றுவிட்டாளே. மறுபடி கீழே போனேன். போல்ட்டின் மிச்சம் முன்காலிலிருந்து விரல் நகத்தளவு நீட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய் விட்டேன். பிளையரால் பிடித்துத் திருகினேன். வழுக்கியது. இன்னும் அழுத்தித் திருகினேன். உலோகம் சீவிக்கொண்டு வந்ததே தவிர, அசையவில்லை. எழுந்தேன், நடந்தேன், உட்கார்ந்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது எங்கள் குடும்பத்தில் என்னைப் பார்த்தே சொல்லப்படுவது. கார் நிறுத்தத்தில் வண்டி பழுதுபார்க்கக் கூடாது; எவராவது பார்த்துப் புகார் செய்துவிடுவார்களோ என்று வேறு கழுத்து நொடிக்கொரு தரம் திரும்பியது.

பகல் ஒரு மணிக்கு ரயிலேறி, நம்மவர் கடைகள் நிறைந்த தேக்காவுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமைத் தேக்காவில் நடக்கவா முடியும், கூட்டத்தைத் தள்ளிக்கொண்டுதான் போகலாம். பின்தெருவில் இருந்த இரும்புச் சாமான் கடையில் உடைந்த தலையை வைத்து, “இதே அளவுல கெட்டி போல்ட் வேணும். உடைஞ்சத எடுக்கிற ஆணியும் குடுங்க” என்றேன்.

“எந்த இடத்துல உடைஞ்சது?” என்று பக்கத்திலிருந்து ஒரு குரல். நாற்பது வயதிருக்கும். சலவை மடிப்புக் கலையாத சட்டை, கையில் காய்கறிப் பை. கப்பல் பட்டறையில் ஃபிட்டர் என்றார், ஊர் புதுக்கோட்டைப் பக்கம். நான் மார்சிலிங் என்றேன்.

சொன்னேன்.

“கொஞ்சம் நீட்டிக்கிட்டு இருக்குல்ல? அப்ப அந்த ஆணி வேணாண்ணே. அது உள்ள உடைஞ்சா ஜென்மத்துக்கும் வராது. நான் கிராஞ்சி தொழிலாளர் விடுதிக்குத்தான் போறேன். போற வழியில இறங்கிப் பாக்கவா?”

லீவு நாளில் ஒருவர் இப்படிக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. ரெண்டு போல்ட் வாங்குங்க என்றார். ஒன்றுதானே உடைந்தது என்றேன். ரெண்டா வாங்குங்கண்ணே என்றார் மறுபடியும்.

நாங்கள் இருவரும் கார் நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தபோது மகளும் கீழே வந்துவிட்டாள். அவர் முதலில் பிரேக் தட்டைப் பிளாஸ்டிக் பையால் மூடச் சொன்னார், எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காது என்று. பிறகு என் அரத்தை எடுத்து, நான் கடித்துக் குதறி வைத்திருந்த மிச்சத்தை இரண்டு பக்கமும் தட்டையாக ராவினார். ஸ்பேனர் வழுக்காமல் கவ்வுவதற்கு. அரை மணி நேரம் ஒரே சீராக ராவினார். எனக்கு நிற்க முடியவில்லை. தூண் வரைக்கும் போவதும் வருவதுமாக இருந்தேன்.

“தங்கச்சி, கொதிக்கக் கொதிக்கத் தண்ணி கொண்டாங்க.”

அவள் கெட்டிலோடு ஓடி வந்தாள். முன்காலில் போல்ட் இறங்கியிருந்த இடத்தைச் சுற்றி மெதுவாக ஊற்றினார். அலுமினியம் சூட்டில் விரிந்து இரும்பை விடுமாம். ஸ்பேனரை மாட்டி, தளர்த்துவதற்குப் பதில் மயிரிழை இறுக்கினார்.

“என்ன, இறுக்குறீங்க?” என்று பாய்ந்தேன்.

“ஒட்டு விடணும்ல.” அப்புறம் தளர்த்தினார். மறுபடி இறுக்கி, மறுபடி தளர்த்தி. நாலாம் தடவை ஒரு கீச்சுச் சத்தம். கால் சுற்று, அரைச் சுற்று. பிறகு விரலாலேயே சுற்றி எடுத்து என் கையில் வைத்தார்.

துரு இல்லை. பளபளவென்று இருந்தது. உடைந்த இடம் மட்டும், பிசைந்த மாவை இரு பக்கமும் இழுத்தால் நடுவில் மெலியுமே, அப்படி மெலிந்திருந்தது. அவர் காலையில் நான் கழற்றி வைத்த மேல் போல்ட்டை எடுத்து விளக்குப் பக்கம் பிடித்தார். அதிலும் அதே மெலிவு.

“இதும் போற நிலைமைதான். இன்னைக்குக் கழட்டலன்னா, ஒரு நாள் சடன் பிரேக் போடுறப்ப ரோட்டுல தெறிச்சிருக்கும். அளவுக்கு மேல இறுக்கியிருக்காங்கண்ணே. ஒரு தடவையில்ல, பல தடவ. யாரு செய்யிறது?”

டயர்க்காரன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டி வாங்கி ஒன்பது வருடம். ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் அதைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அது நசுங்குவதற்கு முன்னால் ஒரு சடங்கு செய்வேன். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எல்லாப் போல்ட்டுக்கும் இன்னும் ஒரு திருகு. பிரேக் போல்ட்டுக்கு மட்டும் முழங்காலை ஊன்றி, பலமாக. விழுந்த பயம் அது. எதுவும் கழன்று யாரும் விழக் கூடாது என்று ஒன்பது வருடம் சாமி கும்பிட்டு இறுக்கியிருக்கிறேன்.

“நான்தான்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “டார்க் ரெஞ்ச் இருக்கா?” என்று மட்டும் கேட்டார். குறித்த அளவுக்கு இறுக்கியதும் ‘டிக்’ என்று தானே சொல்லிவிடும் ரெஞ்ச். இருந்தது. மகள் பயிற்சிக் காலத்து உதவித்தொகையில் எனக்கு வாங்கித் தந்தது. ‘என் கையே சொல்லும்’ என்று பெட்டியைக்கூடப் பிரிக்காமல் அலமாரியில் போட்டிருந்தேன். அவள் போய் எடுத்து வந்தாள்.

அளவைக் காட்டிக் கொடுத்துவிட்டு, காய்கறிப் பையோடு அவர் கிளம்பினார். எவ்வளவு சொல்லியும் ஒரு டீக்குக்கூட நிற்கவில்லை.

புதுக் கட்டைகளை மாட்டினேன். புதுப் போல்ட்டுகளை மகள் இறுக்கினாள். ‘டிக்.’ இன்னொன்று, ‘டிக்.’ இவ்வளவு லேசாகவா என்று எனக்குப் பதறியது. என் கை தானாக ஸ்பேனருக்குப் போனது.

“அப்பா. போதும்.”

கையை எடுத்தேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. “காலைல இது உடைஞ்சப்போ எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு மா.”

“தெரியும். விசிலடிச்சிக்கிட்டே வீட்டுக்குள்ள வந்தீங்க.” பிளாஸ்டிக் பையை மடித்துக்கொண்டே சொன்னாள். “பயப்படுங்க, பரவால்ல. ஸ்பேனர மட்டும் தொடாதீங்க.”

மறுநாள் ஐந்தேகாலுக்குப் புறப்பட்டாள். தாழ்வாரத்தில் நின்று பின்விளக்கு மறையும்வரை பார்த்தேன். பிறகு அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தேன். குழாய் லேசாகச் சொட்டியது, அதைத் திருகப் போய் நிறுத்திக்கொண்டேன். ஆறு மணி ஐந்து நிமிடத்துக்குக் கைப்பேசி அதிர்ந்தது.

“வந்துட்டேன் பா. பிரேக் நல்லா பிடிக்குது.”