மெட்ராஸ் லைனில் ஒரு விசில்

எழுபதுகளின் கடைசியில் காரைக்குடியில் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் எனக்குத் தற்காலிக வேலை. வேலை என்றால் ஒரே ஒரு மெஷினைக் கட்டி மேய்ப்பது. பார்க்கத் தட்டச்சு மெஷின் மாதிரி இருக்கும். டெர்மினல் என்று பெயர். பக்கத்துப் பெட்டியின் இரண்டு ரப்பர் குழிகளில் டெலிபோன் ரிசீவரை அமுக்கி வைத்தால், நான் தட்டுகிற எழுத்தெல்லாம் விசில் சத்தமாக மாறி, வெளியூருக்குப் பேசும் டிரங்க் லைனில் மெட்ராஸுக்குப் போகும். அங்கே ஓர் அறையையே அடைத்துக்கொண்டு ஒரு கம்ப்யூட்டர். அது கணக்கைப் போட்டு, விடையை அதே விசிலில் திருப்பி அனுப்பும். முதல் விடை காகிதத்தில் தடதடவென்று அடித்து வந்தபோது நாற்காலியில் உட்கார முடியவில்லை எனக்கு.

ஆனால் நீளமான கணக்கு ஒன்றுகூடக் கரை சேரவில்லை. பாதியில் திடீரென்று ஒரு வரி கிறுக்கலாக அடிக்கும். அவ்வளவுதான், எல்லாம் செத்துவிடும். எங்கள் டெர்மினல் ஒரு கம்பெனி, மெட்ராஸ்காரர்களின் கம்ப்யூட்டர் வேறு கம்பெனி. அவர்கள் பக்கம் உடைந்தால் மண்குடம், எங்கள் பக்கம் உடைந்தால் பொன்குடம். “உங்க மெஷின்தான் கோளாறு” என்று மெட்ராஸில் கைகழுவினார்கள்.

எங்கள் அதிகாரி கறாரானவர். “சனிக்கிழமை மேலிடத்துப் பெரியவுக வாராக. ஒரு முழுக் கணக்கு ஓடணும். இல்லைன்னா மெஷின் மெட்ராஸுக்குத் திரும்பிரும்” என்றார். மெஷின் போனால் என் வேலையும் போகும் என்பதை அவர் சொல்லவில்லை; சொல்லவும் வேண்டியதில்லை. எனக்கு அந்த வேலை வேண்டும். வீட்டில் அரை மனதாக அனுப்பிய வேலை என்பதால் இன்னும் பிடிவாதமாக வேண்டும்.

புரோகிராமை வரி வரியாக மேய்ந்தேன். அந்தக் கிறுக்கல் எழுத்துகளைப் பூஜ்யமும் ஒன்றுமாகப் பிரித்து, எந்தக் கட்டளை கம்ப்யூட்டரைக் கொல்கிறது என்று தேடினேன். ஒவ்வொரு தடவையும் கிறுக்கல் வேறு மாதிரி இருந்தது. வியாழக்கிழமை மத்தியானம் மறுபடி அது அடிக்கத் தொடங்கியதும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. ரிசீவரைக் குழியிலிருந்து பிடுங்கிக் காதில் வைத்தேன்.

“ஹலோ... பேசுறீகளா? ஹலோ...” பிறகு, டக்.

கம்ப்யூட்டர் பாஷை என்று நான் பிரித்து மேய்ந்ததெல்லாம் டிரங்க் லைனை இணைத்துத் தரும் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் அம்மாவின் குரல். சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. குடையைக்கூட எடுக்காமல் வெயிலில் எக்ஸ்சேஞ்சுக்கு ஓடினேன்.

டிரங்க் பலகை முன்னால் காதில் ஹெட்போனோடு இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அந்த விசில்காரக நீகதானா? இடையில காது வச்சுப் பாத்தா ஒரு மனுசக் குரல் கேக்கலை. கூப்பிட்டாலும் பதில் இல்லை. லைன் கெட்டுப்போச்சு, அடுத்தவுக காத்துக்கிட்டு இருக்காகளேன்னு பிடுங்கி விட்டேன். தப்பா?”

தப்பே இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

“விசில் கேக்குற வரைக்கும் நாங்க பேசிக்கிட்டுத்தான் இருக்கோம்க்கா. உங்க குரல் விழுந்தா கணக்கு கெட்டுப்போகுது. சனிக்கிழமையும் கெட்டா எனக்கு வேலை இல்லை.”

“காதும் வைக்கக் கூடாதா?”

“காதை வைங்க. வாயை மட்டும் திறந்துறாதீக.”

அவர் சிரித்துவிட்டார். சனிக்கிழமை தன்னுடைய முறைதான் என்றார்.

சனிக்கிழமை வந்த பெரியவர்கள் மெஷினைச் சுற்றி நின்றார்கள். காகிதம் ஓடியது. வழக்கமாகச் சாகும் இடம் வந்தபோது மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அது தாண்டியது. வரி வரியாக விடை இறங்கி, கடைசியில் ‘முடிந்தது’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லை அடித்து நின்றது. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. அதிகாரி காகிதத்தைக் கிழித்துப் படித்துப் பார்த்துவிட்டு, “மெஷின் இங்கனயே இருக்கட்டும். நீங்களும்தான்” என்றார். எல்லோரையும் காபி குடிக்க அழைத்துப் போனார்.

லைனை முடிக்க ரிசீவரைக் குழியிலிருந்து எடுத்தேன். விசில் அடங்கியது. உள்ளே யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

“இவ்வளவு நேரமும் வாயைத் திறக்கலை நான். வேலை நிலைச்சிருச்சா?”

சந்தோஷத்தில் தலையைத்தான் ஆட்டினேன், போனில் தலையாட்டினால் யாருக்குத் தெரியும். ஒரு சத்தமும் இல்லாத அந்த லைனை அவர் பிடுங்காமல் வைத்துக்கொண்டு இருந்தார்.